நகராமல் இருந்த குற்றம்

குணசேகரனுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். மனு நிலுவையில் இருக்கும்போது இடத்தை விட்டு நகரக் கூடாது. அதை அவனுக்கு எந்த வக்கீலும் சொல்லித் தரவில்லை. குடவாசலுக்குத் தெற்கே கோயில் நிலம் ஐந்து மாவை, அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சத்தை, குத்தகைக்கு உழுத அவன் அப்பா ரெங்கசாமி வாழ்ந்து காட்டிய சட்டம் அது. அந்தக் குத்தகைக்கு வேறொருவன் போட்டிக்கு வந்து தாசில்தாரிடம் மனு கொடுத்தபோது, ரெங்கசாமி வயல் நடுவிலேயே கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். வாய்தா மேல் வாய்தா. கூடப்பிறந்த தம்பி திருவையாற்றில் செத்ததற்குக்கூட மனிதர் போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். “நான் அங்க போயி பாடை தூக்குனா, இவன் இங்க ஏரைப் பூட்டிடுவான்” என்றார். ஊரே காறித் துப்பியது. கடைசியில், அனுபவத்தில் இருப்பவர் இவரே, ஆகவே குத்தகையும் இவருக்கே என்று உத்தரவு வந்தது. துப்பிய வாயெல்லாம் “ரெங்கசாமின்னா ரெங்கசாமிதான்யா” என்றது. ஊர் வாய் எப்போதும் அப்படித்தான்.

மண் விஷயத்தில் அது தப்பான பாடமும் இல்லை. இந்தப் பக்கத்தில் வரப்பை விட்டு ஒரு போகம் இறங்கியவன் திரும்ப ஏறியதாகச் சரித்திரம் கிடையாது. ஆனால் நம்ம ஆள் அந்தப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண்டாட்டியின் விசாவில் வைத்தான் பாருங்கள், அங்கேதான் குடி கெட்டது.

பெண்டாட்டி ஷோபனா மலேசியாக்காரி. கிள்ளானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ரெங்கசாமி இறந்த பிறகு குணசேகரன் நிலத்தைத் தன் அக்கா அமிர்தத்தின் வீட்டுக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, சில வருஷம் கிள்ளானில் அன்சார் பாயின் சாப்பாட்டுக் கடையில் புரோட்டா போட்டான், அங்கே அதற்கு ரொட்டி என்று பேர். பக்கத்து மருந்துக் கடையில் ஷோபனா கல்லாவில் இருந்தாள். தினமும் காலையில் ரொட்டியும் பருப்புக் குழம்பும் வாங்க வருவாள். அவளுக்கு மட்டும் ரொட்டி கொஞ்சம் பெரிதாக விழுவதைக் கடை முழுக்கக் கவனித்தது, கடைசியாகக் கவனித்தவள் அவள்தான். அவன் ஊருக்குத் திரும்பிய மறு வருஷம், அவள் அப்பா அம்மாவோடு விமானம் ஏறி வந்தாள். ஊர்க் கோயிலில் தாலி கட்டி, குடவாசலில் பதிவும் செய்தார்கள். பெற்றவர்கள் திரும்பிப் போனார்கள், பெண் இருந்துகொண்டாள். கையில் ஓராண்டு விசா.

அவன் மலேசியாவில் இருந்த காலத்தில் பெர்மிட், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் அன்சார் பாய் பார்த்துக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு முறை “கையெழுத்துப் போடுடா” என்பார், போடுவான். அதனால் வெளிநாட்டில் அத்தனை காலம் இருந்தவனுக்கு விசா என்றால் என்னவென்று உள்ளபடியே தெரியாது. இதை அவனே பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்.

ஷோபனா ஊரோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள். வாக்கியத்தின் வாலில் “லா” என்று ஒன்று சேர்த்துப் பேசுவாள், நடவுக்கு வரும் பெண்கள் அவளைக் கண்டாலே “வாங்கலா, போங்கலா” என்று கேலி செய்வார்கள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை அவர்கள்தான் “மாமா” என்று கூப்பிட வைத்தார்கள். அவள் நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதிக்கு, குடவாசல் கடைத்தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கும் பரிதி மூலமாக மனுப் போட்டாயிற்று. பரிதி குணசேகரனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மனு போய்ச் சேர்ந்ததற்கு ரசீதும் வந்தது. அதைக் குணசேகரன் அடங்கல், குத்தகைப் பத்திரம் எல்லாம் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அனுமதி இதோ வருகிறது அதோ வருகிறது என்று மாதங்கள் ஓடின.

கார்த்திகை வாக்கில் பரிதிதான் முதலில் கிளப்பினான்.

“டேய் குணா, தையில தங்கச்சி விசா முடியுதுடா. அதை நீட்டிக்கத் தனியா ஒண்ணு போடணும் போலிருக்கு. இல்லைன்னா ஒரு நடை மலேசியா போயிட்டுப் புது விசாவுல வரச் சொல்லு.”

“போடா இவனே! ஏற்கனவே ஒரு மனு உள்ள கெடக்கு. ஒரே நெலத்துக்கு ரெண்டு மனு போட்டா ரெண்டும் தள்ளுபடி. தெரியுமா உனக்கு?”

“இது நெலம் இல்லடா.”

“எல்லாம் கவர்மெண்டுதானே?”

ஷோபனாவும் சொல்லிப் பார்த்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. “மாமா, வயித்துப் பிள்ளையோட இப்பவே போனாத்தான் பிளேன்ல ஏத்துவாங்க. அம்மா வீட்டுலயே பெத்துட்டு வந்துடறேன்லா. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே?” நியாயமான பேச்சு. ஊர் வழக்கமும் அதுதான். ஆனால் இவன் ஒற்றைக் காலில் நின்றான். “மனு நிலுவையில இருக்கும்போது நீ நாட்டை விட்டுப் போனா, எடத்துல ஆள் இல்லேன்னு எழுதி மூடிடுவானுங்க ஷோபா. நீ இங்கயே இரு. இருக்கறவங்களுக்குத்தான் உத்தரவு.” தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! அவள் அவனை நம்பினாள். அவன் ஊர், அவன் சர்க்கார், அவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள். விசா தையில் முடிந்தது. பங்குனியில் திருவாரூர் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பௌர்ணமியன்று பிறந்ததால் பூர்ணிமா, கூப்பிடுவது பூரணி.

ஆனியில் ஷோபனாவின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி வந்தது. மூன்று பேருமாகப் போய்வரலாம் என்று குழந்தைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பித்தார்கள். விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். நல்ல மனிதர், மோர் கொடுத்ததும் குடித்தார், குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார். பிறகு தாயாரின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

“என்னங்க இது? விசா தையிலயே முடிஞ்சிருக்கு?”

குணசேகரன் சிரித்தான். இதற்காகத்தானே காத்திருந்தான்! உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து ரசீதைக் கொண்டுவந்து, கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினான். “மனு நிலுவையில இருக்குங்க சார்.”

போலீஸ்காரர் ரசீதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஷோபனாவைப் பார்த்தார். மீதி மோரைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். “நாளைக்குத் திருவாரூர்ல வெளிநாட்டவர் பிரிவுக்கு வந்துடுங்க. மூணு பேருமா வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகும் குணசேகரனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அபராதம் கேட்பார்கள், கட்டிவிட்டால் தீர்ந்தது என்று குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டான்.

மறுநாள் திருவாரூரில் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி, பெயர் சாஜிதா. சத்தம் போடுகிறவர் இல்லை. “குழந்தையை ஃபேனுக்கு நேரா வைக்காதீங்கம்மா” என்றுதான் ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தையில் குணசேகரனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“மேடம், நாங்க நாட்டை விட்டு ஒரு நாள்கூட நகரலைங்க. மனு போட்டதுலேருந்து இங்கயேதான் இருக்காங்க. ஊர்ல யாரை வேணா கேளுங்க.”

சாஜிதா நிமிர்ந்து பார்த்தார். “அதாங்க தப்பே.”

“என்னது?”

“நகராம இருந்ததுதான் தப்பு. மனு வேற, விசா வேற. மனு போட்டா மட்டும் தங்கறதுக்கு அனுமதி ஆயிடாது. விசா முடிஞ்ச அன்னையிலேருந்து இவங்க இங்க இருக்கறது சட்ட விரோதம்.”

சட்ட விரோதம்! கோலம் போட்டுக்கொண்டு, தயிர் கடைந்துகொண்டு, நடவு ஆளுக்கு டீ கொண்டுபோய்க்கொண்டு இவள் இருந்தது சட்ட விரோதமாம். குணசேகரன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். அபராதம் கட்டிவிடுகிறோம் என்றான். அபராதம் இருக்கிறது, அது பெரிய விஷயமில்லை என்றார் அவர்.

“தங்கும் அனுமதி இனி கெடைக்காதுங்க. வெளியேற அனுமதி கொடுப்போம். இவங்க ஊருக்குப் போயி, அங்கேருந்து புதுசா விசா கேக்கணும். காலம் தாண்டித் தங்கினவங்கன்னு பேரு ஏறியிருக்கும். சீக்கிரமும் வரலாம், வருஷக்கணக்காவும் ஆகலாம். நான் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

“போவலைன்னா?”

“கேஸ். கேஸுன்னா வெளிநாட்டுக்காரங்களை வைக்கிற முகாம். கைக்குழந்தையோட அது வேணாங்க.”

ஷோபனா மெதுவாகச் சொன்னாள். “சரி மேடம். பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் கெடைச்சதும் நான் அவளைத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன். பால் குடிக்கிற பிள்ளை.”

சாஜிதா பேனாவைக் கீழே வைத்தார். பிறப்புச் சான்றிதழையும் ஷோபனாவின் பாஸ்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற முகம் எல்லாருக்கும் தெரியும், அந்த முகம்.

“அப்பா இந்தியரு, அம்மா வெளிநாடு. அப்படி இங்க பொறக்குற குழந்தைக்குக் குடியுரிமை வரணும்னா, பொறக்குற நேரத்துல அம்மா இங்க சட்டப்படி இருந்திருக்கணும். நீங்க அப்ப சட்டப்படி இல்லையேம்மா.”

“அதனால?” என்றான் குணசேகரன்.

“அதனால குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்க முடியாது. குழந்தை இந்தியக் குடிமகள் இல்லீங்க.”

குணசேகரன் சிரித்துவிட்டான். சிரிப்பு வந்துவிட்டது, அவன் என்ன செய்வான்! “மேடம், எம்புள்ளைங்க இது. திருவாரூர் பெரியாஸ்பத்திரியில பொறந்தது. எங்கப்பன் பாட்டன் பரம்பரையா இந்த மண்ணுல கெடந்தவங்க. நான் ஓட்டுப் போடறேன். என் பொண்ணு எப்படிங்க இந்தியா இல்லாமப் போவா?”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. சட்டம் அப்படி.”

“அப்ப இவ எந்த ஊரு?”

“அம்மாவோட நாட்டுல கேக்கணும். அவங்க ஏத்துக்கிட்டா அவங்க நாடு.”

“ஏத்துக்கலைன்னா?”

சாஜிதா பிறப்புச் சான்றிதழை மடித்து அவன் பக்கம் நகர்த்தினார். சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது, அதை எடுக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒரு கொம்பைப் பிடித்துக்கொள்வதுபோல் சொன்னான். “சரிங்க மேடம், அவ போயிட்டு வரட்டும். புள்ளை எங்கிட்ட இருக்கட்டும். என் வீட்டுல, எங்கிட்ட.”

“இருக்கட்டும். ஆனா குழந்தை இங்க இருக்கறதுக்கும் தங்கும் அனுமதி வேணும். குழந்தை பேர்ல நீங்க மனு போடணும்.”

நாலு மாதக் குழந்தை, தாயின் மடியில் விரலைச் சப்பிக்கொண்டு, மேஜை மேல் இருந்த இன்ஸ்பெக்டரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும் பேருந்தில் அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். குடவாசலில் இறங்கியதும், பேருந்து நிலையத்தில் அத்தனை ஜனம் பார்க்க, குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு அவன் மார்பில் படார் படாரென்று அடித்தாள். “அப்பவே சொன்னேன்லா! போறேன் போறேன்னு சொன்னேன்லா! இரு இருன்னு சொன்னீங்களே! எம்பிள்ளைய நாடில்லாத பிள்ளையா ஆக்கிட்டீங்களே!” பூ விற்கிறவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். குணசேகரன் கையைத் தடுக்கவில்லை. அடி வாங்கிக்கொண்டு நின்றான். இன்னும் நாலு அடித்தால் நல்லது என்றுதான் அவனுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் அலையாத இடம் இல்லை. கும்பகோணத்து வக்கீல், கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் எப்போது முடியும் என்று கேட்காதீர்கள் என்றார். மலேசியத் தூதரகத்துக்குப் போன் செய்தால், தாயார் மலேசியாவுக்கு நேரில் போய்க் குழந்தைக்காக விண்ணப்பிக்கட்டும், பரிசீலிப்போம், இன்ன தேதி என்று சொல்ல முடியாது என்றார்கள். பரிதி, நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்டா என்று அழுதான். அவன் எதற்கு அழ வேண்டும், பாவம். சொன்னதைக் கேட்காதவன் இங்கே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் இத்தனைக்குப் பிறகும் அந்த மனுஷனுக்குப் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்கிறான்: “நீ போவாத ஷோபா. கோர்ட்டுல போட்டுடுவோம். முகாமுன்னா நானும் வந்து வாசல்ல உக்காந்துக்கறேன். உத்தரவு வர்ற வரைக்கும் நீ எங்கயும் போவாத.”

ஷோபனா அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

“மாமா, நான் போனாத்தான் இவளுக்கு ஒரு நாடு கேக்க முடியும். நான் இங்கயே இருந்தா இவளும் என்னை மாதிரிதான் ஆவா. நீங்க சொல்லி ஒரு தடவ இருந்தேன். இந்தத் தடவ நான் சொல்றேன், நான் போறேன்.”

அன்றிலிருந்து அவள் குழந்தையைப் புட்டிப் பாலுக்குப் பழக்கப் பார்த்தாள். அது வாயை இறுக்கி மூடிக்கொண்டது. அமிர்தம் அக்கா தாராசுரத்திலிருந்து வந்து, பாலாடைச் சங்கில் ஊற்றிப் புகட்டிப் பார்த்தாள். துப்பியது. ஷோபனா அடுத்த அறையில் போய் நின்றுகொண்டால் குடிக்குமா என்று பார்த்தார்கள். அவள் வாசனை தெரிகிறது போலிருக்கிறது, தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. “நீ ஊர்ல இல்லேன்னா தானா குடிக்கும்டி, பசி வந்தா பத்தும் பறந்துபோவும்” என்று அக்கா ஆறுதல் சொன்னாள். சொன்ன வாயோடு புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

ஆடியில் ஒரு நாள் காலை விமானம். திருச்சிக்குக் காரில் போனார்கள். வழி நெடுக ஆறும் வாய்க்காலும் புதுத் தண்ணீராக ஓடின, யாரும் பார்க்கவில்லை. ஷோபனா காரிலேயே கடைசியாகப் பால் கொடுத்தாள். குழந்தை குடித்துக்கொண்டே தூங்கிவிட்டது. எடுத்துவிடலாமா என்று அக்கா கேட்டாள். “இன்னும் கொஞ்ச நேரம்க்கா, தானா விடட்டும்” என்றாள். விமான நிலையத்து வாசலில் கார் நின்ற பிறகும் அது விடவில்லை. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. காவலர் கண்ணாடியைத் தட்டினார். ஷோபனா சுண்டு விரலைக் குழந்தையின் வாயோரத்தில் விட்டு மெல்ல விடுவித்துக்கொண்டு, குழந்தையைக் குணசேகரனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வைத்திருந்தான். “பாத்துப் போ” என்றுதான் வந்தது.

“தலையை ஒரு பக்கமாவே வைக்காதீங்க. மாத்தி மாத்தி வைங்க” என்றாள். கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்று குணசேகரன் இன்றைக்கும் சொல்கிறான்.

தஞ்சாவூர் தாண்டும்போது குழந்தை விழித்துக்கொண்டது. அங்கே ஆரம்பித்த அழுகை, வீடு வந்தும் ஓயவில்லை. பசும்பால், பொடிப் பால், புட்டி, பாலாடை, பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தது எல்லாம் ஆயிற்று. நடவுப் பெண்கள் கரையேறி வந்து ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அழுது அழுது குரல் கம்மி, சத்தமே வராமல் வாய் மட்டும் கோணியது. குணசேகரன் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. கிள்ளானிலிருந்து ஷோபனா.

“வந்து சேந்துட்டேன் மாமா. ரெண்டு பக்கமும் பால் கட்டிக்கிச்சு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, பிளேன்ல பக்கத்து சீட்டு அம்மா துண்டு கொடுத்தாங்க. குடிச்சாளா?”

“குடிச்சா” என்றான்.

“எவ்வளவு?”

அதற்குள் தோளில் கிடந்த குழந்தை ஈனக் குரலில் முனகியது, அது அங்கே கேட்டுவிட்டது.

“போனை அவகிட்ட வைங்க” என்றாள்.

வைத்தான். “பூரணி, அம்மா பேசறேன்லா, தங்கம், அம்மாடா” என்று அவள் குரல் வந்ததும் குழந்தை அழுகையைச் சட்டென்று நிறுத்தியது. தலையைத் தூக்கிக் குரல் வந்த பக்கம் திருப்பியது. பிறகு வாயைத் திறந்துகொண்டு வந்து, போனின் கண்ணாடியைக் கவ்விச் சப்பத் தொடங்கியது.

“என்ன செய்யறா மாமா? ஏன் சத்தமே இல்ல? குடிக்கிறாளா?”

குணசேகரன் போனைக் குழந்தையின் வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.